இன்னும் ஒரு நூல் வேகம்

உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டும், கழட்டாதீங்க, தரை ஜில்லுன்னு கிடக்குது. குன்னூர்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தா, கீழ இருந்து வந்தவர்னு பார்த்ததுமே தெரிஞ்சு போகும். உக்காருங்க. ஐயையோ, அந்த நாற்காலியில வேண்டாங்க. ஸ்வெட்டர் கிடக்குது பாருங்க. எடுக்காதீங்க, அது அங்கியே இருக்கட்டும். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க.

நீங்கதானுங்களே மெஷின் ரிப்பேர்காரர்? எம்புள்ள பூங்கொடி திருப்பூர்ல இருந்து நேத்தே போன் பண்ணிருச்சு. "அப்பா, நாளைக்கு வெடியால ஒருத்தர் வருவார், பழைய பாட்டுப் பொட்டியெல்லாம் அவர் கையில சரியாகுதாம், அவர் மேல எரிஞ்சு விழாதீங்க"ன்னு. நான் எங்கீங்க எரிஞ்சு விழறேன்? மேட்டுப்பாளையம் குன்னூர் ரூட்ல ரிடையர் ஆகற வரைக்கும் பஸ் ஓட்டினவன். யார்கிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க, மாரப்பன் டிரைவர் வாயைத் திறந்து ஒருத்தரைத் திட்டினதில்லை. கண்டக்டரைத் தவிர.

இருங்க, இருங்க, பொட்டியைத் தொடாதீங்க. விஷயத்தை முதல்ல கேட்டுக்குங்க. கேட்டுட்டுத் திறந்தா உங்களுக்கு வேலை சுளுவு.

இது கிராமபோன் இல்லீங்க. அதுல தட்டு சுத்தும். இதுல உருளை சுத்தும், மெழுகு உருளை, டம்ளர் உசரம் இருக்கும். உங்களுக்குத் தெரியும்ங்கறீங்க, தெரியாமயா வந்திருப்பீங்க. ஆனா எல்லாரும் கிராமபோன் கிராமபோன்ங்கறாங்க, எனக்கு அதைக் கேட்டா பத்திக்கிட்டு வருது. கிராமபோன் பாடறதோட சரி. இது நாம பேசினாப் பிடிச்சு வெச்சுக்கும். முள்ளு இருக்கற தலையை மாத்திப் போட்டு, இந்தப் புனலுக்குள்ள வாயை வெச்சுப் பேசினா, முள்ளு மெழுகுல கோடு போட்டுக்கிட்டே போகும். அப்பறம் வேற தலையைப் போட்டா நாம பேசினது வரும்.

என் சம்சாரம் துளசிமணி வெலிங்டன் பக்கம் ஒரு பங்களாவுல சமையல் வேலை பார்த்தா. பங்களாக்காரம்மா செத்ததும் பெங்களூர்ல இருந்து ஒறம்பரை, அவங்க சொந்தக்காரங்க, வந்து எல்லாத்தையும் வித்தாங்க. "உனக்கு என்ன வேணும் துளசி"ன்னு கேட்டிருக்காங்க. பீரோ கேக்கலாம், கட்டில் கேக்கலாம், நல்ல தேக்குக் கட்டில் இருந்துச்சு. இவ இதைக் கேட்டிருக்கா! இத்தனை வருஷமாத் தொடைச்சுத் தொடைச்சு வெச்சேன், வேற யாராவது தூக்கிட்டுப் போனா மனசு ஆறாதுன்னு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா பொட்டியைத் திறந்து உள்ள பார்த்தேனா, நானும் விழுந்துட்டேனுங்க. ஸ்பிரிங், பல்சக்கரம், தோல் பெல்ட்டு, நடுவுல மூணு குண்டு வெச்ச கவர்னர். எங்க பழைய வண்டியில டீசல் பம்புல இருக்குமே, அதே கவர்னர். வேகம் எச்சாப் போனா குண்டு விரியும், விரிஞ்சா பிரேக் பிடிக்கும். யாரோ பொடிசா ஒரு பஸ் பண்ணி உள்ள வெச்சாப்பல இருந்துச்சு.

அவ பேச்சு எப்படின்னு உங்களுக்குச் சொல்லணும். அது தெரியாம நீங்க ரிப்பேர் பண்ண முடியாது. வாணல்ல கடுகு பொரியற மாதிரி பேசுவா. கல்யாணமான புதுசுல அவ என்ன சொல்றான்னே எனக்குப் பாதி விளங்காது. எங்க கண்டக்டர் கேலி பண்ணுவான், "அக்கா, நடுவுல ஒரு ஸ்டாப்பாவது போட்டுப் பேசுங்க, நாங்க ஏறி இறங்க வேண்டாமா"ன்னு. அதுக்கும் ஒரு பதில் சொல்லுவா, அது அவனுக்கும் விளங்காது. சண்டை போட்டா இன்னும் வேகம். நான் ஒரு வார்த்தை யோசிச்சு எடுக்கறதுக்குள்ள அவ சண்டையை முடிச்சுட்டு சமையலுக்குப் போயிருப்பா.

இப்ப நீங்க அந்த உருளையைக் கேட்டீங்கன்னா, எவளோ ஒருத்தி பேசறா. இழுத்து இழுத்து. அடித்தொண்டையில. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நாம ஒரு வாய் காப்பி குடிச்சிறலாம். வார்த்தை எல்லாம் துளசி வார்த்தைதான், ஆனா பேசறது அவ இல்லீங்க. என் பொஞ்சாதி பேச்சைத் திருடிட்டு வந்து எவளோ உள்ள உக்காந்துட்டிருக்கா. எனக்கு வந்த கோளாறு இதுதான். மெஷின் மெதுவா ஓடுது, நீங்க அதைச் சரி பண்ணணும், அவ்வளவுதான்.

சரி, இப்பத் திறங்க. திறந்து பார்த்துக்கிட்டே கேளுங்க.

பதிவு பண்ணினது கார்த்திகையில. பங்களாவுல இருந்து வந்த டப்பாவுல எல்லாம் பாட்டு உருளை, ஒண்ணே ஒண்ணுதான் எதுவும் பதியாத வெறும் உருளை. அதனால பார்த்துப் பார்த்து, எண்ணெய் போட்டு, ஒரு மழையில்லாத நாளாப் பார்த்து அவளை இங்க உக்கார வெச்சேன். இந்த நாற்காலியிலதான். இந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுதான். அவளுக்கு இஷ்டமே இல்லை. அந்த வருஷம் குளிர் அவளுக்கு ஒத்துக்கவே இல்லீங்க, எந்நேரமும் போர்வைக்குள்ளதான். முகம் கொஞ்சம் பூசினாப்பல இருந்துச்சு. பங்களா வேலை விட்டு வீட்ல உக்காந்து சாப்பிடறா, சதை போட்டிருக்கான்னு நான்கூட சந்தோஷப்பட்டேன். மத்தியானமானாத் தூங்கிருவா. வேலை செஞ்ச உடம்பு, ஓய்வு கேக்குமில்ல?

பூங்கொடி அப்ப இருந்தே ஒரு புகார். "அப்பா, போன்ல அம்மா குரல் என்னமோ இழுக்குதுப்பா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." வாரா வாரம் இதே பாட்டு. நான் சொன்னேன், "அம்மிணி, இங்க டவர் சரியில்லை, அதான் இழுக்குது"ன்னு. இந்த வளைவுல டவர் எப்பவுமே எடுக்காதுங்க. உங்க போனைப் பாருங்களேன், எத்தனை கோடு காட்டுது? முழுசாவா? அது இன்னிக்கு மேகம் இல்லை, அதனால. மழை பெய்யட்டும், அப்பப் பாருங்க.

தை மாசம் ஒரு நாள் காலையில எழுப்பினேன், எந்திரிக்கலை. மூச்சு இருந்துச்சு, உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ரத்தத்தைப் பார்த்தாங்க, கழுத்துல ஏதோ சுரப்பி மந்தமாயிருச்சுன்னாங்க, முன்னாடியே வந்திருந்தா மாத்திரையே போதும்னாங்க. ஆள் போனப்பறம் எல்லாரும் எல்லாம் சொல்லுவாங்க. பூங்கொடி அன்னிக்கு என் முகத்தைப் பார்க்கலை. இன்னிக்கும் போன்லதான் பேசறா, வர்றதில்லை. நான் அதைப் பெருசா எடுத்துக்கலீங்க, அம்மா போன துக்கம், யார் மேலயாவது காட்டணுமில்ல.

என்னங்க முகர்ந்து பார்க்கறீங்க? தேங்காய் எண்ணெய்தான். சொல்றேன், சிரிக்கக்கூடாது.

கருமாதி எல்லாம் முடிஞ்சு வீடு காலியாச்சு. பொழுதோட ஒரு ஆளா உக்காந்திருக்கேன். குரலைக் கேக்கலாம்னு சாவி குடுத்தா, கிறீச் கிறீச்சுங்குது. மழையில துரு ஏறியிருந்துச்சு. கையில மெஷின் ஆயில் இல்லை. அலமாரியில அவ தலைக்கு வெக்கற எண்ணெய் பாட்டில் பாதி இருந்துச்சு. அதை எடுத்து நாலு இடத்துல விட்டேன். சத்தம் நின்னு போச்சு. அவ தலை வாரின மாதிரி வாசம் வேற. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் வெடியாலப் போட்டேன் பாருங்க... ஆம்பளைக் குரல்! புனலுக்குள்ள இருந்து ஒரு ஆம்பளை முனகறான். "என்ன்ன்னத்தப் பேசறதுங்ங்க"ன்னு. அவ சொன்ன அதே வார்த்தை. லாரி எதிர்ல வந்தா பயப்படாதவன், துண்டைப் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வெளிய வந்து, "மாரப்பண்ணே, உள்ள யாரு, யாரோ ஆம்பளை அழற சத்தம் கேக்குதே"ங்கறாங்க. அவங்களுக்கும் கேட்டிருக்குது! நான் பைத்தியம் இல்லைன்னு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் அப்ப உள்ள எவனோ நெசமாவே இருக்கானான்னு பயம். டீச்சர் பைபிளைத் தூக்கிட்டு வந்து வாசப்படியில நின்னு ஜெபம் பண்ணினாங்க. உள்ள வரலை.

அப்பறம் வெயில் ஏறினதும் தைரியமாப் போய்ப் பார்த்தா குரல் பாதி தேவலை. மத்தியானம் இன்னும் தேவலை. மறுநாள் காலையில திரும்ப ஆம்பளை. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. சமையல்கட்டுல பாட்டிலைப் பார்த்தேன், எண்ணெய் வெள்ளையா உறைஞ்சு கிடக்குது. குன்னூர் குளிர்ல தேங்காய் எண்ணெய் உறையும்னு சின்னக் குழந்தைக்குத் தெரியும். அதைப் போய் கவர்னர்ல விட்டிருக்கேன் பாருங்க! பிசின் மாதிரி பிடிச்சுக்கிட்டு சக்கரத்தைச் சுத்த விடலை. வேகம் குறைஞ்சாக் குரல் தடிக்கும், அவ்வளவுதான் விஷயம். பேயும் இல்லை பிசாசும் இல்லை. மண்ணெண்ணெய் விட்டு பிரஷ் போட்டுக் கழுவினேன். கழுவறப்ப அந்த வாசம் போகுதேன்னு இருந்துச்சு, அதனால ஓரத்துல சித்தக் கழுவாம விட்டிருக்கேன். அதைத்தான் நீங்க முகர்ந்தீங்க.

தையல் மெஷின் ஆயில் விட்டேன். ஆம்பளை போயிட்டான். பொம்பளை வந்தா.

ஆனா துளசி வரலீங்க. அந்த இழுவைக்காரிதான் வந்தா.

நான் விடுவேனா? எண்ணெய்க் கோளாறு ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கும்னு தேட ஆரம்பிச்சேன். பெல்ட்டு வழுக்குதோன்னு பெல்ட்டை மாத்தினேன். பாருங்க, அது எங்க கண்டக்டர் பையி. அவன் ரிடையர் ஆனப்பக் குடுத்தான், அதுல இருந்து ஒரு வார் அறுத்துத் தெச்சுப் போட்டேன். என்னங்க? தையல் போட்ட இடம் தடிச்சிருக்கா? அதனாலதான் ஒவ்வொரு சுத்துக்கும் குரல் அலையுதுங்கறீங்க. சரி, அதைச் சீவிருங்க. அப்பறம் ஸ்பிரிங்கைக் கழட்டி, கிரீஸ் போட்டு மாட்டினேன், கட்டைவிரல் போயிருக்கும், தப்பிச்சுது. அப்பறம் இந்த உருளை உக்கார்ற தண்டு, அதோட ரெண்டு பக்க முனையையும் தளர்த்திப் பார்த்தேன். கவர்னர்ல உரசற தோலை மாத்தினேன். ஒண்ணொண்ணு பண்ணினதும் ஒரு தடவை போட்டுக் கேப்பேன். கொஞ்சம் ஏறின மாதிரி இருக்கும். கேட்டுட்டு இன்னொரு தடவை போடுவேன். இல்லை, ஏறலை, மனசுக்குத்தான் அப்படித் தோணியிருக்கும்.

கடைசியா வேகத் திருகாணி. அதை மட்டும் தொடக்கூடாதுன்னு வெச்சிருந்தேன். ஏன்னா எல்லாம் சரியா இருந்தா அதைத் தொடற அவசியமே இல்லை பாருங்க, வண்டியில கோளாறை வெச்சுக்கிட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கற மாதிரி. ஆனாத் தொட்டேன். முழுசாத் திருகினேன். அப்பத்தானுங்க... அப்பத்தான் உள்ள இருந்து துளசி எட்டிப் பார்த்தா. முழுசா வரலை. வாசல் வரைக்கும் வந்து நின்ன மாதிரி. இன்னும் ஒரு நூல், ஒரே ஒரு நூல் வேகம் ஏத்தினா உள்ள வந்துருவா. திருகாணியில இடம் இல்லை. அந்த ஒரு நூலுக்குத்தான் உங்களை வரச் சொன்னது. பூங்கொடி வேற எதுக்கோ அனுப்பிச்சிருக்கும், போன்ல ஏத்தறதுக்குன்னு. வேகம் சரியாகாம ஏத்தக்கூடாதுன்னு நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். கோளாறு பிடிச்ச குரலை ஏத்தி வெச்சு, ஊர் பூரா அனுப்பி, துளசி இப்படித்தான் பேசுவாளாம்னு நாளைக்குப் பேரப்பிள்ளைங்க நினைக்கறதா?

என்ன, முள்ளைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கறீங்க? அதுவா, அது தூசிங்க. ஒவ்வொரு தடவை போட்டு முடிச்சதும் மூக்குப்பொடி மாதிரி கொஞ்சம் சேரும். நான் ஊதி விட்டுருவேன்.

என்ன சொல்றீங்க?

மெழுகா? அந்தத் தூசி உருளையில இருந்து வர்ற மெழுகா?

ஒவ்வொரு தடவை போடறப்பவும் முள்ளு அவ குரலைச் சுரண்டுதுங்கறீங்க. அந்தப் பொடி... நான் எத்தனை தடவை ஊதியிருப்பேன்! கடவுளே. ஜன்னலைத் திறந்து வெச்சு ஊதினேனுங்க. தூசி வீட்டுக்குள்ள விழக்கூடாதுன்னு.

சித்த இருங்க. தண்ணி குடிச்சிக்கறேன்.

சரி. இன்னும் எத்தனை தடவை தாங்கும்? சொல்ல முடியாதா. கொஞ்சம்தான் பாக்கின்னா அப்பறம் சும்மா போட்டுப் போட்டுப் பார்க்க முடியாது. நீங்க மெஷினை மட்டும் ஓட்டிப் பாருங்க, உருளை வேண்டாம். காகிதத் துண்டு ஒட்டி எண்ணப் போறீங்களா? எண்ணுங்க. எங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்லகூட இவ்வளவு சோதனை பண்ண மாட்டாங்க.

நிமிஷத்துக்கு நூத்தி அறுபது சுத்து சுத்தணும்னு கணக்காமா? திருகாணியைப் பழையபடி இறக்கி வெச்சா டாண்ணு நூத்தி அறுபதா? ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா ஓடுதா? அப்ப மெஷின்ல கோளாறே இல்லைங்கறீங்களா! இருங்க, நான் அதுக்கும் யோசிச்சு வெச்சிருக்கேன். இப்ப ஓடறது சரி. பதிவு பண்ணின அன்னிக்கு வேகமா ஓடியிருக்கும். வேகமா ஓடறப்பப் பதிஞ்சதை சரியான வேகத்துல போட்டா மெதுவாத்தானே வரும்? எப்படி? பஸ் டிரைவர்னு சாதாரணமா நினைச்சுட்டீங்களா?

அன்னிக்கு எப்படி ஓடுச்சுன்னு கண்டுபிடிக்க வழி இருக்குதா? அதுல வேற என்ன சத்தம் இருக்குதுன்னு கேக்கறீங்க. துளசி பேசறா. நடுவுல ஒரு பஸ் ஹாரன். கடைசியில நான் ஒரு வார்த்தை சொல்றேன், அவ ஒரு வார்த்தை சொல்றா, அதோட உருளை தீந்து போகுது. ஹாரன் எந்த வண்டியா? கோத்தகிரி வண்டி, கீழ வளைவுல திரும்பறப்ப அடிப்பான். இன்னும் அதே வண்டிதான், அதே காத்து ஹாரன்தான், டெப்போவுல ஹாரன் மாத்தறவங்களா அவங்க? இப்ப வர்ற நேரம்தான். எதுக்குங்க போனைக் கையில எடுக்கறீங்க? சுருதி பார்க்கற பொட்டியா அது? ஓ, வண்டி ஹாரன் என்ன சுருதின்னு பிடிச்சுக்கிட்டு, உருளையில இருக்கற ஹாரனும் அதே சுருதிக்கு வர்ற வேகம் எதுவோ அதுதான் அன்னிக்கு ஓடின வேகமா. அட! நல்ல யோசனை. எனக்குத் தோணலையே.

அப்படிப் பார்த்தாத் துளசி வந்துருவாளா?

இதோ, சத்தம் கேக்குது பாருங்க. ரெண்டாவது கியர்ல ஏறறான். புது டிரைவர், கிளட்சை அறுக்கறான். இப்ப அடிப்பான் பாருங்க... ஆச்சா? பிடிச்சுட்டீங்களா?

சரிங்க. ஒரே தடவை. போன்லயும் ஏத்திக்குங்க, ஆகட்டும், இத்தனை சோதனை பண்ணி வேகத்தைப் பிடிச்சா ஏத்திக்கலாம். இருங்க, கதவைச் சாத்தறேன். ஜன்னலும் சாத்திக்கறேன், இனி அந்தப் பொடி ஒண்ணு வெளிய போகக்கூடாது. உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்த இழுவைக்காரி பேசறப்ப எனக்கு இந்த வீட்ல இருக்கப் பயமா இருக்குங்க. துளசி பேயா வந்தா நான் பயப்பட மாட்டேன், காப்பி போட்டுக் குடுப்பேன், எங்க இருந்த இத்தனை நாளான்னு கேப்பேன். இவ வேற. பேசி முடிச்சப்பறமும் இவ போறதில்லை. சமையல்கட்டுல கால் தேச்சு நடக்கற மாதிரி இருக்கும். சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வர்ற மாதிரி. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

போடுங்க.

.........

ஹாரன் வந்துச்சு. சரியா இருக்குதா? திருகாணியை நீங்க தொடவே இல்லையே?

ம். கேக்கறேன்.

.........

முள்ளைத் தூக்கிருங்க. தூக்கிருங்கன்னா!

போன்ல ஏறிருச்சா? சரி.

ஹாரன் அதே சுருதிங்கறீங்க. ஒரு துளி ஏறலை, இறங்கலை. ஹாரன் தேஞ்சிருக்கும்னு சொல்லலாம்னு பார்த்தேன். ஆனா கடைசியில வந்தது என் குரலுங்க. நான் திருகாணியை ஏத்தி வெச்சுக் கேட்டப்பெல்லாம் அது சின்னப் பையன் கத்தற மாதிரி இருக்கும், அதைக் காதுல வாங்கிக்கவே மாட்டேன். இப்ப அது நான்தான். நான் அப்படித்தான் கத்துவேன். "சத்தமாப் பேசு புள்ள! வேகமாப் பேசு, உருளை தீரப் போகுது!"ன்னு.

அதுக்கு அவ சொன்னது உங்களுக்கு விளங்குச்சா? நீங்க எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க? எனக்குமே இத்தனை நாளா விளங்கினதில்லை, குரல் ஏறுதா இறங்குதான்னுதான் பார்த்துட்டிருந்தேன், என்ன சொல்றான்னு யார் கேட்டா. "வேகமாத்தானுங்க மாமா பேசறேன்." அவ்வளவு நேரம் எடுத்துச் சொல்றா பாருங்க இதை. வேகமாத்தானுங்க. மாமா. பேசறேன்.

நடுவுல பூங்கொடிக்கு ஏதோ சொன்னாளே. சீலை எல்லாத்தையும் கொடியே எடுத்துக்கட்டும்னு. தூக்கமா வருதுங்க, படுத்துக்கறேனேன்னு ஒரு இடத்துல. நான் விளையாட்டுக்குச் சொல்றான்னு...

அப்ப ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, அந்த மழை பூரா இந்த வீட்ல என்கூட இருந்தது இவதானுங்களா? நான் எவளோன்னு திரும்பிப் பார்க்காம உக்காந்திருந்தேனே, இவதான் எனக்கு சோறு போட்டுக்கிட்டு இருந்தாளா?

வேண்டாம், எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. சமாதானமெல்லாம் வேண்டாங்க.

போன்ல ஏறினதைப் பூங்கொடிக்கு அனுப்பிருங்க. வேகம் மாத்தாம அப்படியே அனுப்புங்க. அது அவங்கம்மாதான், அவளுக்குத் தெரியும், அவதான் முதல்ல இருந்து சொன்னா. டவர் இருக்குது, இப்பவே போயிரும்.

எனக்கு ஒரு வேலை பண்ணிக் குடுங்க. போன்ல வேண்டாங்க, போன்ல ஏத்தி வேகத்தைக் கூட்டிக்கலாம்னு நீங்க சொல்லுவீங்க, அது எனக்கு வேண்டாம். இந்தப் பொட்டியிலதான் வேணும். அந்தக் கவர்னர் குண்டு மூணையும் சித்த அரம் போட்டுத் தேச்சா எடை குறையும், குறைஞ்சா வேகம் ஏறும். எனக்கே தெரியும். என்கிட்ட அரம் இல்லை, இல்லாட்டி நானே தேச்சிருப்பேன். இன்னும் ஒரு தடவை கேக்கறதுக்காவது உருளையில குரல் மிச்சம் இருக்குமில்ல? ஒரே தடவை போதும். என் குரல் குழந்தைக் குரலாப் போனாப் போகட்டும், ஹாரன் எப்படிக் கேட்டா எனக்கென்ன.

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? மெஷின்ல கோளாறு இல்லை, சரி, ஒத்துக்கறேன். அரம் உங்க பையில இருக்குது, நான் பார்த்தேன். கோளாறு பண்ணிக் குடுத்துட்டுப் போங்க.